வழியில் போகிற சரக்கையும் எண்ணுகிற மென்பொருள்: டிப்போ வைத்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு இஆர்பிநெக்ஸ்ட் சரிவருமா?

கொழும்பில் பிரதான ஸ்டோர்ஸ் ஒன்று, வெளி மாவட்டங்களில் டிப்போ என்கிற கிளை ஸ்டோர்ஸ் நாலைந்து என்று மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரே கடை, பின்னால் ஒரு ஸ்டோர்ஸ் என்றால் இந்த மென்பொருள் உங்களுக்குத் தேவையே இல்லை, எக்செல் போதும். எங்களுடையது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் தொடங்கிய வியாபாரம்: பருப்பு, சேமியா, பப்படம், மசாலாத் தூள், ஊதுபத்தி, கற்பூரம், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து இறக்குகிற சாமான்கள். கொண்டெய்னர் வந்து இறங்குவது வத்தளை ஸ்டோர்ஸில். அங்கிருந்து யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் டிப்போக்களுக்கு லொறி போகும், டிப்போவிலிருந்து ரெப்மார், அதாவது விற்பனைப் பிரதிநிதிகள், கடைகளுக்குக் கொடுப்பார்கள். இவ்வளவுக்குமான ஸ்டொக் கணக்கு இப்போது இஆர்பிநெக்ஸ்ட் பதிப்பு 15இல் ஓடுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடுக்கலாம், நம்பி எடுக்கலாம். ஆனால் பொதுவாக இதற்குச் சொல்லப்படுகிற காரணத்துக்காக எடுக்காதீர்கள். "சாமான் குறைந்தால் தானாகவே ஓடர் போட்டுவிடும்" என்று சொல்வார்கள். போடும்தான், ஆனால் அது ஒரு சாதாரண வசதி, அதில் குறைகளும் உண்டு, கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். இதன் உண்மையான பலம் வேறொன்று. வத்தளையிலிருந்து புறப்பட்டு இன்னும் டிப்போவுக்குப் போய்ச் சேராத சரக்கை இது கணக்கில் வைத்திருக்கிறது. டிப்போ வைத்து நடத்துகிற வியாபாரத்தில் பணம் தொலைவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தயாரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. மும்பையில் இருக்கிற ஃபிராப்பே நிறுவனத்தின் மென்பொருள் இது, ருஷப் மேத்தா 2008இல் தொடங்கிய நிறுவனம். ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகிற திறந்த மூல மென்பொருள் என்பதால் மென்பொருளுக்கென்று பணம் கட்டத் தேவையில்லை, ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணமும் இல்லை. இந்தக் கடைசி விஷயம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். ஒவ்வொரு டிப்போவிலும் ஸ்டோர் கீப்பர், கிளார்க், இரண்டு மூன்று ரெப், லொறிக்கு ஒருவர் என்று பார்த்தால் ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள். ஆளுக்குக் கட்டணம் வாங்குகிற மென்பொருளில் முதலாளி என்ன செய்வார்? டிப்போவுக்கு ஒரு லொகினைக் கொடுத்து எல்லோரும் அதையே பாவியுங்கள் என்பார். அப்புறம் யார் எதை எழுதினார் என்று ஒருவருக்கும் தெரியாது. செலவு இல்லையா என்றால் இருக்கிறது: சர்வர் வாடகை, அமைத்துக் கொடுப்பவருடைய கூலி, பிறகு ஏதாவது உடைந்தால் பார்க்க ஒரு ஆள். இந்த மூன்றையும் மறந்துவிட்டு இலவசம் என்று இறங்க வேண்டாம்.

சரி, வழியில் போகிற சரக்குக்கு வருவோம். டிப்போ வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த உரையாடல் பழக்கமாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கோல் வரும்: "அண்ணை, கற்பூரம் முடியப்போகுது, கெதியா அனுப்பிவிடுங்கோ." வத்தளையில் கேட்டால் நேற்றே ஏற்றிவிட்டோம் என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை. வத்தளைப் புத்தகத்தில் சரக்கு கழிந்துவிட்டது, யாழ்ப்பாணப் புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை, லொறி ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கிறது. கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் வழி. ஏற்றி முடித்ததிலிருந்து யாழ்ப்பாணத்தில் இறக்கி, எண்ணி, பதிகிற வரைக்கும் அந்தப் பெட்டிகள் எந்தக் கணக்கிலும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் பயத்தில் இன்னொரு தடவை ஓடர் போடுவார், வத்தளையில் இருப்பவர் அதைப் பார்த்துக் கற்பூரம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்து இந்தியாவுக்குக் கூட்டி ஓடர் போடுவார், கடைசியில் கடைக்காரர் வாங்கியது அதே பழைய அளவுதான்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ப்ரொக்டர் அன்ட் கேம்பிள் கம்பனி தன் பாம்பர்ஸ் டயபர் வியாபாரத்தில் இதையே கண்டது. குழந்தைகள் டயபர் பாவிப்பது நாளுக்கு நாள் பெரிதாக மாறாது, கடை விற்பனையும் அவ்வளவாக ஏறி இறங்கவில்லை, ஆனால் விநியோகஸ்தர்கள் போட்ட ஓடர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியது. 1997இல் ஹௌ லீயும் அவருடன் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்களும் இதற்கு நான்கு காரணங்களை எழுதினார்கள்: கீழே இருப்பவர் போடும் ஓடரையே மேலே இருப்பவர் விற்பனை என்று எடுத்துக்கொள்வது, ஓடர்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகப் போடுவது, விலை ஏறி இறங்குவதால் வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாடு வரும்போது தேவைக்கு மேல் கேட்பது. நான்காவதை 2022இல் இந்த நாட்டில் வியாபாரம் செய்த எல்லோரும் கண்ணால் பார்த்தோம். டொலர் இல்லை, இறக்குமதிப் பணத்துக்கு வங்கி தருகிற உத்தரவாதமான எல்சியைத் திறக்க வங்கி யோசித்தது, ஜூலையிலிருந்து எரிபொருள் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு இவ்வளவு என்றுதான் கிடைத்தது, லொறி எப்போது புறப்படும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லா டிப்போவும் இரண்டு மடங்கு கேட்டன, கேட்டதில் பாதிதான் வரும் என்ற கணக்கில். அந்த ஓடர்களைப் பார்த்து உண்மையான தேவையை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இஆர்பிநெக்ஸ்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு ஸ்டோர்ஸிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கை மாற்றும்போது "வழியில்" என்று குறிக்கிற ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் போட்டால் சரக்கு வத்தளையிலிருந்து கழிந்து நேரே யாழ்ப்பாணத்துக்குப் போகாமல், இடையில் வழிச் சரக்குக்கென்று வைத்திருக்கும் ஒரு கற்பனை ஸ்டோர்ஸில் போய் உட்காரும். லொறி வந்து இறக்கியதும் டிப்போக்காரர் பயணம் முடிந்தது என்ற பொத்தானை அழுத்தி, வந்த எண்ணிக்கையைப் போட்டால்தான் டிப்போவில் ஏறும். 50 பெட்டி ஏற்றி 48 பெட்டி இறங்கினால் அந்த 2 பெட்டி வழியிலேயே நிற்கும். மாதக் கடைசியில் அந்தக் கற்பனை ஸ்டோர்ஸைத் திறந்து பார்த்தால் எந்த லொறியில், எந்தத் திகதியில் குறைந்தது என்று அப்படியே தெரியும். முன்பு இது பெட்டி தூக்குகிற நாட்டாமைமாருக்கும் டிரைவருக்கும் ஸ்டோர் கீப்பருக்கும் இடையில் மாறி மாறி ஓடுகிற சண்டையாக இருந்தது. யாரையும் திருடன் என்று சொல்லாமல் கணக்கைக் காட்டிப் பேச முடிவது எவ்வளவு நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அமைக்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். எல்லா டிப்போவுக்கும் பொதுவாக ஒரே வழி ஸ்டோர்ஸை வைத்தால் பாதிப் பலன் போய்விடும். இந்த மென்பொருளில் ஸ்டோர்ஸ்களை மரம் போலக் கிளை கிளையாக வைக்கலாம். நாங்கள் "யாழ்ப்பாணம்" என்று ஒரு குழுவைப் போட்டு, அதற்குள் யாழ் டிப்போ, யாழ் வழி என்று இரண்டு ஸ்டோர்ஸ் வைத்திருக்கிறோம், மட்டக்களப்புக்கும் மற்றவற்றுக்கும் அப்படியே. இருப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாகச் சாமான் கேட்கச் சொல்கிற மறு ஓடர் விதியை எழுதுகிற இடத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: எந்த இடத்து இருப்பைப் பார்ப்பது, எந்த இடத்துக்குச் சாமான் கேட்பது. முதலாவதில் குழுவைக் கொடுக்கலாம். அதில் "யாழ்ப்பாணம்" குழுவையும் இரண்டாவதில் யாழ் டிப்போவையும் போட்டால், டிப்போவில் இருப்பதும் வழியில் வருவதும் சேர்ந்துதான் அளவுக்குக் கீழே போனதா என்று அது பார்க்கும். லொறி முறிகண்டியில் நின்றாலும் இரண்டாவது ஓடர் எழும்பாது.

இதே வித்தையை மேலேயும் செய்யலாம், இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வத்தளைக்கான கொள்முதல் விதியில் வத்தளை இருப்பை மட்டும் பார்க்கச் சொல்லாமல், எல்லா டிப்போவும் வழிகளும் அடங்கிய முழுக் குழுவையும் பார்க்கச் சொல்லலாம். அப்போது வத்தளையில் பாதி காலியாக இருந்தாலும், நாடு முழுக்கப் போதுமான சரக்கு இருந்தால் இந்தியாவுக்கு ஓடர் போகாது. மாறாக வத்தளை நிறைந்திருந்து டிப்போக்கள் எல்லாம் வற்றியிருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: டிப்போக்கள் வத்தளையிடம் சாமான் கேட்டு, நிறைவேற்றாமல் கிடக்கிற இடமாற்றக் கோரிக்கைகள் இந்தக் கூட்டுத்தொகையை ஊதிக் காட்டும், ஏனென்றால் கேட்டதை வரப்போவதாக அது கூட்டிக்கொள்கிறது, கொடுக்கிற இடத்தில் கழிப்பதில்லை. அனுப்ப முடியாத கோரிக்கையை அன்றைக்கே மூடிவிட வேண்டும்.

இனித் தானியங்கி ஓடர். ஒவ்வொரு சாமானுக்கும், ஒவ்வொரு டிப்போவுக்கும் ஒரு மறு ஓடர் மட்டம், ஒரு ஓடர் அளவு, வகை எது என்று கொடுக்க வேண்டும். வத்தளைக்குக் கொள்முதல், டிப்போக்களுக்கு இடமாற்றம். நாளுக்கு ஒரு தடவை அது எல்லாவற்றையும் பார்த்து, மட்டத்துக்குக் கீழே போனவற்றுக்குக் கோரிக்கையை எழுப்பி ஈமெயிலும் அனுப்பும். கையில் இருப்பதை மட்டும் பார்க்காமல், ஏற்கெனவே ஓடர் போட்டது, கேட்டிருப்பது, வாடிக்கையாளருக்கென்று ஒதுக்கியது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதுதான் இதில் உள்ள நல்ல குணம்.

குறை இதுதான். மட்டம் 100, ஓடர் அளவு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு 95க்கு வந்தால் 60 கேட்கும், சரி. ஒரே நாளில் பெரிய விற்பனை நடந்து இருப்பு 30க்கு இறங்கினால் 70 கேட்கும், அதாவது திரும்ப 100ஐத் தொடுகிற அளவுக்குத்தான் கேட்கும். சாமான் வந்து சேருவதற்குள் இன்னும் விற்றிருக்கும், மறுபடியும் மட்டத்துக்குக் கீழே. இத்தனை வரைக்கும் நிரப்பு என்று ஒரு மேல் எல்லையை அதில் கொடுக்க முடியாது. வேகமாக ஓடுகிற சாமான்களுக்கு ஓடர் அளவைத் தாராளமாக வைத்துத்தான் நாங்கள் சமாளிக்கிறோம்.

மட்டத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மென்பொருளிலேயே சாமான் வாரியாகப் பரிந்துரைக்கும் ஒரு ரிப்போர்ட் உண்டு: சராசரி தினசரி வெளியேற்றத்தைச் சாமான் வந்து சேரும் நாட்களால் பெருக்கி, பாதுகாப்பு இருப்பை, அதாவது விற்பனை கூடினாலோ லொறி பிந்தினாலோ சமாளிக்க மேலதிகமாக வைப்பதை, கூட்டிக் காட்டும். கணக்கு சரியான கணக்குத்தான். ஆனால் அது சாமானுக்கு ஒரு எண்ணைத்தான் தரும், டிப்போவுக்கு ஒன்று தராது. சாமான் வந்து சேரும் நாள், பாதுகாப்பு இருப்பு இரண்டும் சாமானின் பக்கத்தில் ஒரே ஒரு தடவைதான் பதிகிறது. இந்தியாவிலிருந்து வத்தளைக்கு வர ஐந்து வாரம் என்றால் அந்த எண் வத்தளைக்குச் சரி, வத்தளையிலிருந்து ஹட்டனுக்கு ஒரு நாளில் போகிற லொறிக்கு அதை எப்படிப் போடுவது? எங்களுக்கு இதை அமைத்துத் தந்த நிறுவனம், பெயர் வேண்டாம், அந்த ரிப்போர்ட்டின் எண்ணை அப்படியே எடுத்து எல்லா டிப்போவுக்கும் ஒட்டிவிட்டுப் போனது. ஹட்டன் டிப்போவில் அரை வருடத்துக்குப் போதுமான ஊதுபத்தி வந்து குவிந்தது, நடக்க இடமில்லை, அதே நேரம் யாழ்ப்பாணத்தில் கடைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கினார்கள். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள், டிப்போ ஆட்களுக்கு ஒரு பிடிஎஃப். இப்படி அமைத்துத் தருகிறவர்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டிப்போ வாரியாக மறு ஓடர் மட்டத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள்? விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நாங்கள் இப்போது செய்வது: ஒவ்வொரு டிப்போவின் வெளியேற்றத்தையும் தனியாக எக்செல்லில் இறக்கி, அங்கே கணக்குப் போட்டு, மென்பொருளின் தரவு இறக்குமதி வசதியால் மொத்தமாகத் திரும்ப ஏற்றுகிறோம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு டிப்போவில் சாமான் சராசரியாக நாளுக்கு 12 பெட்டி ஓடுகிறது, கூடிய நாளில் 20 பெட்டி. லொறி சராசரியாக 3 நாளில் வரும், பிந்தினால் 5 நாள். பாதுகாப்பு இருப்புக்குப் பழைய சூத்திரம்: கூடிய விற்பனையைக் கூடிய நாளால் பெருக்கி, அதிலிருந்து சராசரி விற்பனையைச் சராசரி நாளால் பெருக்கியதைக் கழிப்பது. 100 கழித்தல் 36, அதாவது 64. மறு ஓடர் மட்டம் 36 கூட்டல் 64, 100. உற்றுப் பார்த்தால் கூடிய விற்பனையைக் கூடிய நாளால் பெருக்கியதுதான் மட்டமாக வந்து நிற்கிறது. அதாவது மிக மோசமான வாரம் ஒன்று எப்போதும் நடக்கும் என்று வைத்துக்கொண்டு சரக்கை அடுக்குவது. பருப்பு, சேமியா போல ஒரு நாள்கூட இல்லை என்று சொல்ல முடியாத சாமானுக்கு இது தகும். எல்லாவற்றுக்கும் இதையே போட்டால் உங்கள் முதல் முழுக்கப் பெட்டிகளாகி டிப்போவில் கிடக்கும், ஓவர்டிராஃப்ட் வட்டி ஒரு பக்கம் ஓடும்.

மெதுவாக ஓடுகிற சாமான்களுக்கு வேறு வழி. நாலு டிப்போவிலும் ஒவ்வொன்றிலும் 50 பெட்டி பாதுகாப்புக்கு வைத்தால் மொத்தம் 200. நாலு இடத்திலும் தேவை ஒன்றையொன்று சாராமல், ஏறத்தாழ ஒரே அளவில் ஏறி இறங்குகிறது என்றால், அதே பாதுகாப்பை வத்தளையில் ஒரே இடத்தில் வைக்க 100 போதும். ஒரு இடத்தில் கூடும்போது இன்னொரு இடத்தில் குறையும், அதனால் வர்க்கமூலக் கணக்கில் குறைகிறது: நாலின் வர்க்கமூலம் 2, ஆகவே 50ஐ நாலால் இல்லாமல் 2ஆல் பெருக்கினால் போதும். அதற்காக எல்லாவற்றையும் வத்தளையில் வைக்க முடியாது, கடைக்காரர் இன்றைக்குக் கேட்பதை மூன்று நாள் கழித்துத் தருகிறேன் என்றால் போய்விடுவார். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரிக்கிற வேலையை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது, ரெப்மாரோடு உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

அடுத்த பெரிய குறை பருவம். மறு ஓடர் மட்டம் என்பது நீங்கள் எழுதி வைத்த ஒரு எண், அது தானாக ஆவணியையும் சித்திரையையும் அறியாது. நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் யாழ்ப்பாணத்தில் கற்பூரமும் ஊதுபத்தியும் ஓடுகிற வேகம் தனி. ஹட்டனில் தோட்டச் சம்பளம் வருகிற 10ஆம் திகதியை ஒட்டித்தான் கடை நிரம்பும், மாதக் கடைசியில் ஈயாடும். மட்டக்களப்புப் பக்கம் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக் கடைகளுக்கு நோன்புக்கு முன்பே சாமான் போய்ச் சேர வேண்டும், அந்த நோன்பு வருடாவருடம் 10, 11 நாள் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும், ஆகவே போன வருடம் இதே திகதியில் என்ன விற்றது என்று பார்த்தால் தப்பாகப் போய்விடும், நோன்பின் எத்தனையாவது வாரம் என்று பார்க்க வேண்டும். நல்லூர்க் கொடியேற்றமும் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு திகதியில்தான். பௌர்ணமி விடுமுறையான போயாவும் ஞாயிறும் அடுத்தடுத்து வந்தால் ஏற்றுகிற வேலை இரண்டு நாள் நிற்கும், அது விற்பனையைப் பார்த்தால் தெரியாது, வந்து சேரும் நாளில்தான் தெரியும். இதற்கெல்லாம் நாங்கள் பருவத்துக்கு ஒரு எக்செல் கோப்பு வைத்திருக்கிறோம், கொடியேற்றத்துக்கு முன்பு யாழ்ப்பாணத்து மட்டங்களை ஏற்றி, தேர் தீர்த்தம் முடிவதற்கு முன்பே இறக்கிவிடுவோம். முடிந்த பிறகு இறக்கினால் கடைசி லொறியில் வந்த கற்பூரம் அப்படியே அங்கே நின்றுவிடும்.

டிப்போ ஆட்களுக்குப் பழக்கவேண்டிய ஒன்று உண்டு, இதைப் பெரிதாக அச்சடித்து மேசையில் ஒட்டுங்கள். இந்த மென்பொருளில் சேவ் வேறு, சப்மிட் வேறு. சேவ் பண்ணினால் அது வரைவாக மட்டும் நிற்கும், இருப்பில் ஏறாது, கழியாது. பின்னேரம் ஆறு மணிக்கு லொறி வருகிறது, கிளார்க் எண்ணிக்கையைப் போட்டு சேவ் பண்ணிவிட்டு, காலையில் சரிபார்த்து சப்மிட் பண்ணலாம் என்று பஸ்ஸுக்கு ஓடுகிறார். அன்றிரவு கணக்குப் பார்க்கும்போது அந்தப் பெட்டிகள் இன்னும் வழியில்தான். வழியையும் சேர்த்துப் பார்க்கிற குழு முறையில் இது பெரிய சேதம் செய்யாது, ஆனால் விற்பனைப் பில் வரைவில் கிடந்தால் சேதம் நிச்சயம், இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும். வரைவில் கிடப்பவற்றைக் காட்டும் பட்டியலை ஒவ்வொரு நாளும் பின்னேரம் தலைமை அலுவலகத்தில் ஒருவர் திறந்து பார்த்து டிப்போவுக்குக் கோல் எடுக்க வேண்டும்.

பழைய திகதியில் பதிவு போடுவதையும் கட்டுப்படுத்துங்கள். போன மாதத் திகதியில் ஒரு ரசீதைச் செருகினால், அதற்குப் பின்னால் நடந்த எல்லாவற்றின் பெறுமதியையும் மென்பொருள் திரும்பக் கணக்கிடும். சரியான செயல்தான், ஆனால் பதிவுகள் அதிகமாக இருந்தால் நேரம் எடுக்கும், அதுவரை ரிப்போர்ட்டில் எண்கள் மாறிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட திகதிக்கு முன்னால் பூட்டி வைக்கிற வசதி செட்டிங்கில் இருக்கிறது, மாதம் முடிந்ததும் பூட்டுங்கள். இணைய வசதி அடிக்கடி போகிற இடத்தில் டிப்போ இருந்தால் இரண்டாவது சிம் ஒன்று கட்டாயம், இது இணையம் இல்லாமல் ஓடாது. தமிழ் இடைமுகம் இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பு அரைகுறை, எங்கள் ஆட்கள் ஆங்கிலத்திலேயே பழகிவிட்டார்கள். சாமான் பெயரைத் தமிழில் போட்டுத் தேடலாம், அது நன்றாக வேலை செய்கிறது.

காலாவதித் திகதி உள்ள சாமான்களுக்குத் தொகுதி (பேட்ச்) எண்ணோடு பதியலாம். பதிப்பு 15இல் முதலில் காலாவதியாவதை முதலில் எடு என்று செட்டிங்கில் கொடுத்துவிட்டால் பில் போடும்போது அந்தத் தொகுதியையே அது எடுத்துத் தரும். ஸ்டோர்ஸில் நாட்டாமை முன்னால் கிடக்கிற பெட்டியைத்தான் தூக்குவார் என்பது வேறு கதை, ஆகவே அடுக்குகிற முறையையும் சேர்த்து மாற்ற வேண்டும். தொகுதிகளின் காலாவதி நிலையைக் காட்டும் ரிப்போர்ட்டை வாரம் ஒரு தடவை பார்த்து, ஆயுள் குறைந்த மசாலாவை மெதுவாக ஓடுகிற டிப்போவிலிருந்து வேகமாக ஓடுகிற டிப்போவுக்கு மாற்றுகிறோம். திரும்பி வருகிற பழுதுச் சாமானுக்குத் தனி ஸ்டோர்ஸ் வையுங்கள், அதை மேலே சொன்ன குழுக்களுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் விற்க முடியாத பப்படத்தை இருப்பு என்று எண்ணிக்கொண்டு புதிய ஓடரைத் தடுத்துவிடும்.

ஓடூவைப் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெல்ஜிய நாட்டு மென்பொருள், அதிலும் இலவசப் பதிப்பு ஒன்று உண்டு, ஸ்டொக் பகுதி அந்த இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. மறு ஓடர் விதியில் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் கொடுக்கலாம். இந்த டிப்போவுக்கு அந்த ஸ்டோர்ஸிலிருந்து நிரப்பு என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். தானியங்கி நிரப்புதல் ஒன்றையே பார்த்தால் அது ஒரு படி மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டணப் பதிப்புக்குப் போனால் ஆளுக்குப் பணம், ரெப்மார், கிளார்க் எல்லோரையும் கூட்டினால் எங்களுக்குக் கட்டாது. கணக்கியல் பகுதி முழுமையாக வேண்டும், அதையும் இலவசமாக வேண்டும் என்கிறவர்களுக்கு இஆர்பிநெக்ஸ்ட்தான் சரி. ஆட்கள் குறைவு, டிப்போக்கள் அதிகம், பணம் கட்டத் தயார் என்றால் ஓடூவையும் ஓட்டிப் பாருங்கள்.

எப்போது தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் கணக்காளரும் ஸ்டோர்ஸ்காரரும் ஒருபோதும் ஒத்துப்போக மாட்டார்கள். கணக்காளர் ஏப்ரல் 1 என்பார், நம் வரி வருடம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஆனால் அது புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்பு, டிப்போக்கள் கழுத்து வரைக்கும் நிறைந்து, லொறிகள் இரவு பகலாக ஓடுகிற நேரம். அந்த நேரத்தில் யாரும் ஒழுங்காக எண்ண மாட்டார்கள். புத்தாண்டு விற்பனை முடிந்து சரக்கு வற்றிய பிறகு, மே மாதத்தில் தொடங்குங்கள். வழியில் எந்த லொறியும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள், எல்லா டிப்போவிலும் ஒரே நாளில் எண்ணுங்கள், எண்ணி முடியும் வரை ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது. ஏப்ரல் கணக்கைப் பெறுமதியில் சரிசெய்து கொடுக்கக் கணக்காளருக்குத் தெரியும்.